எங்கும் இருபது நிமிடம்

பெயரைச் சொன்னால்
எதற்குப் பக்கத்தில் என்று கேட்பார்கள்.
சிகாகோவிலிருந்து மூன்று மணி நேரம் என்பேன்.
ஓ, சிகாகோவா, என்று
சோள வயல்களை ஒரே தாவாகத் தாண்டி
அங்கே போய் நின்றுகொள்வார்கள்.

தொலைக்காட்சி வானிலைப் படத்தில்
எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில்
பெரும்பாலும் அறிவிப்பாளரின் முழங்கை.
சூறாவளி அடித்த வருடம் மட்டும்
இரண்டு நாள் நகர்த்திக்கொண்டார்.

விமான நிலையம் இருபது நிமிடம்.
மருத்துவமனை இருபது நிமிடம்.
மகள் படித்த பள்ளி, பூட்டிப்போட்ட டயர் ஆலை,
ஆற்றுக்கு அந்தப் பக்கம்
ட்வைட்டும் நானும் தவணையில் வாங்கிய
இரட்டைக் கல்லறைத் துண்டு.
விவாகரத்தில் படகு வரைக்கும் பிரித்தோம்.
அதை மறந்துவிட்டோம்.

நடு ஊரில் ஒரே ஒரு உயரமான கட்டடம்.
வங்கி. நான்கு முறை பெயர் மாறிவிட்டது.
முதல் பெயரைத்தான் இன்னும் சொல்கிறோம்.
மாலை ஆறுக்கு மேல் அதன் அடியில்
வண்டி நிறுத்தக் காசு கிடையாது.
ஆறுக்கு மேல் நிறுத்த ஆளும் கிடையாது.

அங்கே என்னதான் இருக்கிறது அம்மா
என்பாள் மகள், டென்வரிலிருந்து.
ஆறு இருக்கிறது என்பேன்.
அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் கிடங்குகள்.
ஞாயிறு தவிர எல்லா நாளும் திறந்திருக்கும்
வியட்நாம்காரர் சூப் கடை.
உன் ஒரு வாடகைக்கு
இங்கே இரண்டு வீடு, இரண்டுக்கும் பின்தோட்டம்.
அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

இரண்டுங்கெட்டான் ஊர்.
யார் கண்ணிலும் படாமல் பால் வாங்கி வரலாம்
என்று போனால்
ஒன்பதாம் வரிசையில் ஒரு குரல்:
டோரீன், முடியை வெட்டிவிட்டாயா?
பிப்ரவரியில் ஒரு நாள்
யாராவது வரட்டும் என்றே
அதே வரிசையில் அரை மணி நேரம் நின்றேன்.
ஓட்ஸ் டப்பாக்களின் முதுகெல்லாம் படித்து முடித்தேன்.

செவ்வாயன்று ரத்தம் கொடுக்கப் போனேன்.
கையுறை மாட்டிக்கொண்டு வந்தவள்
ட்வைட்டின் புது மனைவி.
பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்கள் என்றாள்.
விதி அது, கேட்டாக வேண்டும்.
டோரீன் ஹாவர்காம்ப் என்றேன்.
உரிமத்தில் பெயர் மாற்ற
வரிசையில் நிற்கச் சோம்பிப்போன பதினோரு வருடம்.
குப்பியில் ஒட்டிய சீட்டிலும்
அவள் சட்டையில் குத்திய பட்டையிலும்
ஒரே குடும்பப் பெயர்.
உறவா, என்றார்
பக்கத்து நாற்காலியில் சட்டைக்கையைச் சுருட்டியிருந்தவர்.
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில்
இல்லை என்றோம். அதுவே உறவு மாதிரி கேட்டது.

மூன்று பேர் குத்தினாலும் அகப்படாத நரம்பு என்னுடையது.
ஒரே குத்தில் பிடித்தாள்.
கோபமாகத்தான் வந்தது.
பஞ்சை அழுத்திப் பிடியுங்கள் என்றாள்.
பிடித்தேன்.

திரும்பும் வழியில் சரக்கு ரயில்.
எங்கள் ஊரில் நிற்காது,
எங்களை நிறுத்தும்.
எழுபத்திரண்டு பெட்டி வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.
என்ஜினை அணைத்தோம், எல்லோரும்.
பக்கத்து பிக்கப்காரர்
கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கை காட்டினார்.
உங்கள் பின்விளக்கு, இடது பக்கம், எரியவில்லை.
தெரியும் என்றேன்.
தெரியாது.
மச்சான் பட்டறை இருக்கிறது, கிழக்குக் கரையில்,
நான் அனுப்பியதாகச் சொல்லுங்கள், என்று
தன் பெயரைச் சொன்னார்.
ரயில் ஊதியதில் அது காதில் விழவில்லை.
தலையை ஆட்டிவைத்தேன்.

எவ்வளவு தூரம் என்று மட்டும்
கேட்கவில்லை.